ஒரே பாதையை இரண்டு தடவை போட்ட மட்டக்கோல்

மட்டக்கோல் என்ற பெயரை அக்கா முதன்முதலில் கேட்டது, அவள் தம்பி நடைபாதையின் நடுவில் நட்ட கல்லாக நின்றுகொண்டிருந்த காலையில்தான். பெயரைச் சொன்னவர் மருந்துக்கடைக்காரர். அவர் என்னவோ பெருமையாகத்தான் சொன்னார். அக்காவின் காதில் அது வசவாக விழுந்தது.

அக்கா என்றால் அந்தத் தெருவுக்கே அக்கா, தையல்காரி. தம்பிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பெரிய மருத்துவமனையில் டெலிபோன் போர்டு அவன் கையில். எந்த டாக்டர் எந்த மாடி, எந்த வார்டுக்கு என்ன எண், எல்லாம் அவனுக்கு விரல் நுனியில். ஆனால் வீட்டிலிருந்து மருத்துவமனைக்குப் போவதற்கு மட்டும் அக்காவின் முழங்கை வேண்டும். பழைய ரோட்டில் சாக்கடைக்குப் பாதி மூடி இருக்கும், பாதி இருக்காது. லாரி எப்போது பின்னால் வரும் என்று லாரிக்காரனுக்கே தெரியாது. பதினோரு வருஷம் தினமும் கொண்டுபோய் விட்டாள். துணிக் கம்பெனியில் வெட்டும் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் வேலை இரண்டு தடவை தேடிவந்தும் வேண்டாம் என்றதும் அதனால்தான். அங்கே ஏழு மணிக்கு இருக்க வேண்டும். தம்பி கிளம்புவதே ஏழரைக்கு.

மூன்றாம் தடவை அந்த வேலை வந்தபோது, நகராட்சி புது நடைபாதையை ஏறக்குறையப் போட்டு முடித்திருந்தது. நடுவில் மஞ்சள் கல், ஒரு முழ அகலத்துக்கு.

"ஒண்ணாம் தேதி நீ போய்ச் சேருக்கா. எனக்கு அந்தக் கல்லு போதும்," என்றான் தம்பி. சேருகிறேன் என்று அவளும் சொல்லி அனுப்பிவிட்டாள்.

அந்தக் கல்லில் இரண்டு வகை. கோடு கோடாக மேடிட்டிருந்தால் நட என்று அர்த்தம். புள்ளி புள்ளியாக இருந்தால், நில், முன்னால் படியோ ரோடோ இருக்கிறது என்று அர்த்தம். தம்பி படித்த பள்ளிக்கூடத்தில் இதை அவன் காலுக்குப் பாடமாகவே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்தத் தைரியத்தில்தான் ஒன்றாம் தேதிக்கு ஒன்பது நாள் முன்னாலேயே தனியாகப் போய்ப் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து நூல்கண்டு வாங்கப் போன அக்கா பாதி வழியில் அவனைக் கண்டாள்.

"என்னடா நிக்கிற? டூட்டிக்கு நேரமாகலயா?"

"கல்லு நில்லுங்குது. நிக்கிறேன்."

"அப்புறம்?"

"அடுத்த கல்லு போங்குது. அதுக்கடுத்தது நில்லுங்குது. இது என்னக்கா வழியா, குடிகாரன் பேச்சா? புள்ளியை நம்பாம நடந்து பார்த்தேன். நிஜமாவே குறுக்கு ரோடு வந்துட்டுது. ஸ்கூட்டர்காரன் என் பாட்டன் வரைக்கும் திட்டிட்டுப் போறான்."

அக்கா குனிந்து பார்த்தாள். ஒரு கோட்டுக் கல், ஒரு புள்ளிக் கல், ஒரு கோட்டுக் கல், ஒரு புள்ளிக் கல். பேருந்து நிலையத்திலிருந்து மருத்துவமனை வரைக்கும் அப்படியே ஓடியது.

"யாரு இதைப் போட்டது?" என்று பக்கத்து மருந்துக்கடைக்குள் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"மட்டக்கோல்! வேற யாரு இப்படிப் போடுவா?" என்றார் மருந்துக்கடைக்காரர். "ஒண்ணுவிட்டு ஒண்ணு, என்ன அழகு பாருங்க. வர்றவங்க எல்லாம் நின்னு பாத்துட்டுப் போறாங்க."

"எந்தம்பியும் நின்னுட்டுத்தான் இருக்கான்," என்றாள் அக்கா.

மட்டக்கோலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவள் அம்மா சித்தாள். செங்கல் சுமந்தே மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவள். மூத்தவள் இவள். பதினான்கு வயதில் சும்மாடு கட்டித் தலையில் கலவைச் சட்டியை ஏற்றினாள். சித்தி புருஷன் தரைக்கல் பதிக்கிற கொத்தனார். சொல்லியும் தரமாட்டார், பார்க்கிறவளை விரட்டவும் மாட்டார். ஒருநாள் அவர் பல்வலியில் பாதிக் குளியலறையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போக, மீதிப் பாதியை இவள் முடித்தாள். மறுநாள் வந்த சித்தப்பா எந்தப் பாதி தன்னுடையது என்று தேடிப் பார்த்துவிட்டு, கரண்டியை அவள் கையில் கொடுத்தார். ஆளும் உயரம், ஒல்லி, நிமிர்ந்த நடை; மட்டம் பார்க்கிற நீளக் கோல் இல்லாமல் வாசற்படி தாண்டமாட்டாள். பெயர் தானாக ஒட்டிக்கொண்டது. இருபத்தைந்து வருஷம் அடுத்தவர் வேலைக்குக் கூலியாகப் போனவளுக்கு, அவள் பேரிலேயே கிடைத்த முதல் வேலை இந்த மஞ்சள் பாதை. எப்படி விட்டுக்கொடுப்பாள்?

அன்று மதியமே அக்கா தேடிப் போனாள். மருத்துவமனைச் சுவரோரம் குந்தி உட்கார்ந்து, மிச்சக் கல்லை ரப்பர் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தாள் மட்டக்கோல்.

"நீதானா அந்த மட்டக்கோல்?"

"நான்தான். நீங்க யாரு வீடு?"

சண்டைக்கு வந்தவளிடம் யாரு வீடு என்று கேட்டால் சண்டை வழிதவறித்தான் போகும். அக்கா வீட்டைச் சொன்னாள். மட்டக்கோல் தன் அம்மா பேரைச் சொன்னாள். கிளறக் கிளற, மட்டக்கோலின் அத்தை மகனுக்குத்தான் அக்காவின் சின்ன நாத்தனாரைக் கொடுத்திருக்கிறது என்று தெரிந்தது.

"அப்ப நீங்க எனக்கு அண்ணி முறை! உக்காருங்க அண்ணி, தண்ணி குடிக்கிறீங்களா?"

சொந்தம் என்று தெரிந்தால் சண்டையின் சுருதி இறங்கும், அவ்வளவுதான், சண்டை நிற்காது. அக்கா தண்ணீரைக் குடித்துவிட்டு, சொல்ல வந்ததைச் சொன்னாள்.

"ரெண்டு வகைக் கல்லும் சரிக்குச் சரியா வந்து இறங்குச்சு அண்ணி. எதுக்குன்னு யாரும் சொல்லல. படம்னு ஒண்ணு ஆபீஸ்ல இருக்காம், என் கண்ணுல காட்டல. கையில பாதிப் பாதி இருந்தா ஒண்ணுவிட்டு ஒண்ணு வைக்கிறதுதானே லட்சணம்? ஊரே நல்லாருக்குன்னுதே!"

"ஊரு கண்ணால பாக்குது. எந்தம்பி காலால பாக்கறான்."

"கால் என்னத்த பாக்கும்? கூட்டிட்டு வாங்க, பாக்கலாம்."

டூட்டி முடிந்து தம்பி வந்தான். செருப்பைக் கழற்றி அக்கா கையில் கொடுத்துவிட்டு, கோலைத் தட்டியபடி மெல்ல நடந்தான். மட்டக்கோல் கைகட்டிப் பின்னால் போனாள். இருபது கல் தாண்டியதும் தம்பி நின்றான்.

"புள்ளிக் கல்லா? அது ஒண்ணுவிட்டு ஒண்ணு வருதே," என்றாள் அவள்.

"இல்ல. இது வலப்பக்கம் ஒரு நூல் தூக்கலா இருக்கு."

"என் வேலையிலயா? ஒரு நூலா?" மட்டக்கோலுக்குச் சுருக்கென்றது. தன் நீளக் கோலைக் கல்மேல் வைத்து, கன்னம் தரையில் படக் குனிந்து பார்த்தாள். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. ஒரு நூல்தான், அரைக்கால் அங்குலம்; கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இருபத்தைந்து வருஷத்தில் அவள் வேலையில் அவளைத் தவிர யாரும் ஒரு நூலைக் கண்டுபிடித்ததில்லை.

எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். "கொழுந்தனாரே, எந்தெந்த இடத்துல நிக்கணும்னு சொல்லுங்க."

"குறுக்கு ரோடு மூணு. படி ரெண்டு. பாதை திரும்புற இடம் ஒண்ணு. மத்ததெல்லாம் நேரா நடந்துக்கிட்டே இருக்கணும் அண்ணி."

ஆறே இடம்! அவளோ வழி நெடுக நில் என்று எழுதிவைத்திருக்கிறாள். அன்று சாயங்காலமே மட்டக்கோல் நகராட்சி ஓவர்சியரிடம் போய், போட்டதைப் பெயர்க்கப் போகிறேன், கோட்டுக் கல் இன்னும் வேண்டும் என்றாள். வேலை கேட்டு வந்து நிற்பவர்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார். முடித்த வேலையை உடைக்கக் கேட்டு வந்தவளை இதுவரை பார்த்ததில்லை.

"ஊர்ல கண்ணு தெரியாதவங்க எத்தனை பேரும்மா? அந்த ரோட்டுல ஒருத்தர்தானே நடக்கறாரு?"

"வழியே இல்லாம எப்படி சார் நடப்பாங்க? முதல்ல வழியைப் போடுங்க, அப்புறம் எண்ணுங்க."

அவர் பார்க்கலாம் என்றார். ஆபீஸில் பார்க்கலாம் என்றால் பார்க்கமாட்டோம் என்று பொருள். அடுத்த நாளிலிருந்து தம்பி பார்த்துக்கொண்டான். தினமும் மதிய இடைவேளை விட்டதும் ஓவர்சியர் மேஜைக்கு ஒரு போன். குரலில் தேன். "வணக்கம் சார். அந்தக் கோட்டுக் கல் விஷயமா. எப்ப வருதுன்னு சொன்னீங்கன்னா குறிச்சுக்கறேன்." முதல் நாள் கூட்டத்தில் இருக்கிறேன் என்றார். "பரவால்ல சார், முடியற வரைக்கும் லைன்லயே இருக்கேன்." லைனிலேயே இருந்தான்; இருப்பது அவன் தொழில் அல்லவா. நான்காம் நாள் ஓவர்சியர் தன் ஆளைக் கூப்பிட்டு, "அந்தக் கல்லை அனுப்பித் தொலைங்கப்பா, எனக்கு மதியச் சோறு இறங்கல," என்றார்.

கல் வர இரண்டு நாள். மட்டக்கோல் அதுவரை உளியும் சுத்தியலுமாகப் புள்ளிக் கற்களை உடையாமல் பெயர்த்து அடுக்கினாள். மருந்துக்கடைக்காரருக்கு மனசு ஆறவில்லை. "நல்லா இருந்ததைப் போய்..." என்று இழுத்தார்.

"உங்க போர்டு என் வழியில நிக்குது. எடுக்கிறீங்களா, அது மேலயும் கல்லு ஒட்டவா?" என்றாள். போர்டு உள்ளே போனது. கூடவே இரண்டு சைக்கிளும் ஒரு பழவண்டியும் நகர்ந்தன.

புதுக் கல் இறங்கிய இரண்டாம் நாளே பாதையை மறுபடியும் போட்டு முடித்துவிட்டாள். ஆறு இடத்தில் மட்டும் புள்ளி. மிஞ்சிய புள்ளிக் கல்லை அவள் திருப்பி அனுப்பவில்லை. பேருந்து ஏறும் விளிம்பில் ஒரு வரிசை, மருத்துவமனை மாடிப்படி உச்சியில் ஒரு வரிசை வைத்தாள். யாரும் சொல்லாமலே வைத்தாள். இப்போதுதான் அவளுக்கு அந்தக் கல் பேசுவது கேட்க ஆரம்பித்துவிட்டதே.

ஒன்றாம் தேதி காலை ஆறரைக்கு அக்கா கிளம்பினாள். வாசலில் செருப்பை மாட்டியவள் திரும்பிப் பார்த்தாள்.

"பத்திரமாப் போவியாடா?"

"நீ பத்திரமாப் போ. உனக்குத்தான் புது வழி."

வெட்டும் மேஜைக்கு முன்னால் நின்றபோது ஏழே முக்காலுக்கு ஒருதரம் கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு அடித்ததும் கம்பெனி போன் ஒலித்தது. "மருத்துவமனையிலிருந்து பேசுகிறேன்," என்று தேன் குரல் கேட்டது. அக்கா சிரித்துக்கொண்டே வைத்துவிட்டுக் கத்தரியை எடுத்தாள்.

ஒரு மாதத்துக்குள் அந்த மஞ்சள் பாதையில் இன்னும் ஐந்து பேர் கோல் தட்டிக்கொண்டு நடந்தார்கள். அத்தனை பேரும் அதே ஊர்தான். அதுவரை வீட்டுக்குள் இருந்தவர்கள். ஓவர்சியர் எண்ணிக்கொண்டாரா என்று தெரியவில்லை. ஆனால் அடுத்த வேலைக்கு மட்டக்கோலைக் கூப்பிட்டபோது, படத்தை முதலில் அவள் கையில் கொடுத்தார். அவள் அதைத் தம்பியிடம் எடுத்துப்போய் வாயால் சொல்லிக் காட்டி, இரண்டு இடத்தில் மாற்றிக்கொண்டு வந்தாள்.

மட்டக்கோல் இப்போது பக்கத்து ஊர் ரயில் நிலையத்தில், இரண்டாம் நடைமேடையில் கல் பதித்துக்கொண்டிருக்கிறாள்.