சீரில் வந்த ஸ்டூல்

நான் ஒன்றாம் வகுப்பு படித்தபோதுதான் எனக்குக் காது குத்தினார்கள். தாய்மாமா வருவாரா மாட்டாரா என்பதுதான் அப்போது எங்கள் வீட்டில் ஒரே பேச்சு. மாமா மடி இல்லாமல் காது குத்தினால் ஊர் சிரிக்கும். மாமாவோ கோபத்தில் இருந்தார். காரணம் அம்மா.

அம்மா அருப்புக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி வாசலில் செக்யூரிட்டி. சேலைக்கு மேல் நீலச் சட்டை, தலையில் தொப்பி. பார்த்தால் எனக்கே சல்யூட் வைக்கத் தோன்றும். ஆனால் அவளை வேலைக்கு எடுத்தது ஆஸ்பத்திரி இல்லை, மதுரையில் இருந்த ஒரு ஏஜென்சி. பாஸ் இல்லாத ஆளை உள்ளே விட்டதற்காக, அம்மாவுக்கு முன்னால் அந்த வாசலில் நின்றவரைப் போனிலேயே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

அந்த வாசலுக்குத்தான் பரளச்சியிலிருந்து மாமா வந்தார், அங்கே பிறந்திருந்த தன் தலைப்பிள்ளையைப் பார்க்க. இருந்தது ஒரே பாஸ். அதை வைத்திருந்த அவருடைய மாமியாரோ பேரனை விட்டு இறங்கி வருவதாக இல்லை. தங்கச்சிதானே நிற்கிறாள் என்று விறுவிறுவென்று நுழைந்தவரை அம்மா கையை நீட்டி மறித்தாள்.

"பாஸ் இல்லாம விட முடியாதுண்ணே. என்னைய வேலைய விட்டு அனுப்பிருவாக. விசிட்டிங் நேரம் வரட்டும்."

"ஏய், எம்புள்ளையப் பாக்க எனக்குப் பாஸா?"

அத்தனை பேர் பார்க்க ஒரு மணி நேரம் வெயிலில் நின்றார். அதன் பிறகு அம்மா போன் போட்டால் எடுப்பதில்லை.

காதுகுத்து அன்று மாமா கோயிலுக்குச் சீர்த்தட்டுகளோடு வந்துவிட்டார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மாவைத்தான் காணோம். லீவு வேண்டுமென்றால் மாற்று ஆளை அவளே பிடித்துக் கொடுக்க வேண்டும். ஆள் கிடைக்காமல், இரவு டூட்டி முடித்து யூனிபாரத்தோடேயே பஸ் பிடித்து ஓடி வந்தாள். மாமா எழுந்து போய்க் கோயில் வாசலில் கையைக் குறுக்கே நீட்டினார்.

"பாஸ் இருக்காம்மா?"

அம்மா அழுதுவிட்டாள். மாமாவுக்குத் தாங்கவில்லை.

"ஏ கிறுக்கி, வெளாட்டுக்குக் கேட்டேன்" என்று அவள் தொப்பியைக் கழற்றி என் மொட்டைத் தலையில் கவிழ்த்தார். மூக்குவரை இறங்கியது. பிறகு தேங்காய், வாழைப்பழத் தட்டுகளுக்குப் பின்னாலிருந்து ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்து வந்து அவள் முன்னால் போட்டார்.

"அன்னைக்கு ஒன்கூட ஒரு மணி நேரந்தான் நின்னேன், முட்டி விட்டுப்போச்சு. நீ தெனமும் நிக்கிறியே. இதுல ஒக்காந்து வேலையப் பாரு."

சீரில் ஸ்டூல் வைத்த தாய்மாமனை எங்கள் பக்கம் யாரும் பார்த்ததில்லை. ஊரே சிரித்தது. நான் மட்டும் அவர் மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டிக் கத்தினேன்.

அந்த ஸ்டூல் ஆஸ்பத்திரிக்குப் போகவே இல்லை. அதன்மேல்தான் நோட்டை வைத்து வீட்டுப்பாடம் எழுதினேன், அதில் ஏறித்தான் முறுக்கு டப்பாவை எடுத்தேன். மாமா வரும் நாட்களில் அதைக் கட்டிலுக்கடியில் ஒளித்துவைக்கச் சொல்வாள் அம்மா.

"ஸ்டூலு தோதா இருக்கா?"

"ரொம்பத் தோதுண்ணே."

ஸ்டூல் எனக்கே இருக்கட்டும் என்றுதான் அம்மா கூசாமல் பொய் சொல்கிறாள், என்மேல் அவ்வளவு பாசம் என்று பூரித்துப்போவேன். வாசலில் நிற்கிறவர்கள் உட்காரக் கூடாது என்று ஒரு விதி இருப்பது எனக்கு எப்படித் தெரியும்?