மேடம் எப்படி வாக்களித்தார்?

வில்லரே என்ற நகர்ப்பகுதியில் ஒரு பெண் நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி அலுவலகத்தில் வேலை செய்தேன்; அவரை மேடம் என்றுதான் கூப்பிடுவோம். அங்கே வரும் தமிழ்ச் சனத்தோடு கதைப்பதும், வீடுகளுக்கு அனுப்பும் செய்திமடலைத் தமிழில் எழுதுவதும் என் பொறுப்பு.

ஒருநாள் மனேஜர் லூக் ஆங்கில மடலைத் தந்தார். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். ‘குறைந்த வாடகை வீடுகளுக்கான நிதிக்காகப் போராடினேன்.’ எங்கள் மேடம் அப்படிப் போராடவேயில்லை. வருமான வரியைக் குறைக்க ஆதரவாகவும், அந்த வீட்டு நிதிக்கு எதிராகவும்தான் ஒட்டாவா நாடாளுமன்றத்தில் வாக்களித்திருந்தார். நாடாளுமன்ற இணையத்தளத்தில் யாரும் பார்க்கலாம்.

"லூக், இதை நான் எழுத ஏலாது."

"உன்ர கருத்தை ஆர் கேட்டது? மொழிபெயர்த்தால் போதும்."

"கவுண்டரில நிண்டு சனத்துக்குப் பதில் சொல்லுறது நான்தானே?"

"அப்ப வேற ஆளைத்தான் பார்க்கவேணும்."

எனக்கு அந்த வேலை தேவை. இருந்தாலும் நேரே மேடத்தின் அறைக்குப் போனேன்.

"மேடம், வரியைக் குறைச்சது சரியெண்டு இப்பவும் நினைக்கிறீங்களா?"

"நிச்சயமா. உழைக்கிற ஆளின்ர கையில காசு நிக்கவேணும்."

"அப்ப அதையே எழுதுவம். வீட்டு நிதிக்கு ஏன் எதிர்த்தனீங்கள் எண்டதையும் எழுதுவம்."

"சனம் கோபப்படும்."

"படட்டும். பதில் சொல்லலாம். பொய்யெண்டு பிடிச்சாப் பேந்து என்னத்தைச் சொல்லுறது?"

மேடம் மடலை வாங்கினார். பிறகு பேனாவை எடுத்து அந்த முதல் வாக்கியத்தை வெட்டி, தான் வாக்களித்த விதத்தையும் காரணத்தையும் எழுதினார்.

மடல் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்த கிழமையே ஜெசிந்தா அக்கா வந்தார். டோர்வல் விமான நிலையத்தில் கிளீனிங் வேலை. இரண்டு பிள்ளைகளோடு ஓர் அறையில் இருந்துகொண்டு குறைந்த வாடகை வீட்டுக்காகக் காத்திருந்தவர். மேடம் அவரை உள்ளே கூப்பிட்டு இருத்தினார்; மொழிபெயர்க்க நான் நின்றேன். அக்கா என்னிடம் சொன்னார்:

"இவா குறைச்ச வரியால எனக்கு என்ன கிடைச்சது? பஸ்சுக்கும் காணாது. அப்பிடியே சொல்லு தங்கச்சி, இனிப்புத் தடவாத."

அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். மேடம் தன் காரணங்களைச் சொன்னார். அதையும் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னேன். இருவரும் ஒத்துப்போகவில்லை.

எழும்பும்போது அக்கா சொன்னார்: "நான் உங்களுக்கு வோட் போடமாட்டன். ஆனா அடுத்தமுறை கை தூக்க முதல் எங்களிட்டயும் ஒருக்காக் கேளுங்கோ."

அதற்குப்பிறகு ஒவ்வொரு பட்ஜெட் வாக்கெடுப்புக்கும் முன்னர் மேடம் கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தார். அக்காவும் தவறாமல் வந்து சண்டை பிடித்தார். ஒரு முறை கட்சி விரும்பாதபோதும், குறைந்த வாடகை வீட்டு நிதிக்கு ஆதரவாக மேடம் வாக்களித்தார். ஆனாலும் அடுத்த தேர்தலில் தோற்றார். அவரோடு எங்கள் வேலையும் போனது. "உன்ர மடல்தான்" என்றார் லூக். இருக்கலாம்.

புதிதாக வென்றவர் வேறு கட்சி. என்னை நேர்முகத்துக்குக் கூப்பிட்டு, "ஏதாவது நிபந்தனை இருக்கா?" என்று கேட்டார்.

"ஒண்டு இருக்கு," என்றேன். "நீங்கள் எப்படி வாக்களிக்கிறீங்களோ, அப்படித்தான் தமிழில எழுதுவன்."

இப்படியான அலுவலகங்களுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளே, இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். பிறகு சொல்வது மிகவும் கஷ்டம்.