ஓப்பன் லா

என் ஆங்கிலத்தைப் பற்றி அப்போது எனக்குக் கொஞ்சம் அதிகமான எண்ணம் இருந்தது. கோலாலம்பூரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தா. கீழே இருப்பவர்கள் எழுதிவரும் கடிதங்களில் சிவப்பு மை கொட்டுவதற்கென்றே பிறந்தவன் போல நடந்துகொண்டேன். யாராவது 'ஓப்பன் த லைட்' என்று சொல்லிவிட்டால் போதும். கதவைத் திறக்கலாம், டப்பாவைத் திறக்கலாம், விளக்கை எப்படி ஐயா திறப்பீர்கள் என்று பிடித்துக்கொள்வேன். எங்கள் ஊரில் பாதிப் பேர் விளக்கை 'ஓப்பன்' செய்து, விசிறியை 'க்ளோஸ்' செய்துதான் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் வீட்டிலும் விளக்கு எரியத்தான் செய்தது.

தொண்ணூறுகளின் கடைசி. வீடு கிள்ளானில். மனைவி இடைநிலைப் பள்ளி ஆசிரியை. வேலை பார்த்துக்கொண்டே முதுகலைக்குப் படித்தாள். இரண்டு வருட உழைப்பு, மலாயில் எழுதிய அவளுடைய ஆய்வேடு, ஒரு பழைய லேப்டாப்பில் இருந்தது. அதில் மட்டும்தான் இருந்தது. பிரதி எடுத்து வைக்க பிரிக்பீல்ட்ஸில் ஒரு பெட்டி டிஸ்கெட் வாங்கி வரச் சொல்லி ஒரு மாதம் ஆகியிருந்தது. வேலை முடிந்து தினமும் அந்த வழியாகத்தான் வந்தேன். வாழையிலைச் சாப்பாடு ஞாபகம் வந்தது, டிஸ்கெட் வரவில்லை.

இது நடந்த அன்று சாயங்காலம் அச்சடித்து, மறுநாள் பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்க வேண்டும். மறுநாள்தான் கடைசி நாள். லேப்டாப்போ ஒரு பக்கத்தைத் திருப்ப ஒரு யுகம் எடுத்தது. அவள் தினமும் அதைத் திட்டினாள். மெமரி கார்டு ஒன்றைக் கூடுதலாகப் போட்டால் பறக்கும் என்று கம்ப்யூட்டர் கடை முதலாளி, எங்கள் ஊர்ப் பேச்சில் தவுக்கே, சொன்னதைக் கேட்டு, ஒன்று வாங்கி வந்து, விடுப்பும் எடுத்துக்கொண்டேன். கடைசி நாளில் எதற்கு இந்த வேலை என்று நீங்கள் கேட்கலாம். அப்போது கேட்க ஆளில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

பதினோரு திருகாணிகளைக் கழற்றி, கார்டை அதன் இடத்தில் நோகாமல் உட்காரவைத்து, மூடி, பொத்தானை அமுக்கினேன். பச்சை விளக்கு ஒரு தடவை மினுக்கியது. பிறகு ஒன்றுமில்லை. மறுபடி அமுக்கினேன். மினுக்கக்கூட இல்லை.

கடைக்குப் போன் செய்தேன். தவுக்கே சீனர், அவசரக்காரர். பின்னால் நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசுவது கேட்டது.

"ஓப்பன் ஃபர்ஸ்ட் லா," என்றார், எங்கள் ஊர் ஆங்கிலத்தின் வாலான 'லா'வோடு. "காட் லைட் ஆர் நாட்?"

உள்ளே விளக்கு எரிகிறதா என்று திறந்து பார்க்கச் சொல்கிறார். தொழில் தெரிந்தவர், சரியான சொல்லைத்தான் சொல்வார். போனைக் கீழே வைத்துவிட்டு, சாப்பாட்டு மேசைக்குப் போய், பதினோரு திருகாணிகளையும் கழற்றித் திறந்தேன். உள்ளே வெளிச்சம் எதுவும் தெரியவில்லை. டார்ச் அடித்தும் தேடினேன். திரும்பி வந்தபோது போனில் அவர் இல்லை. மறுபடி கூப்பிட்டு, நோ லைட் என்று அறிவித்தேன். க்ளோஸ் பண்ணுங்கள், பத்து விநாடி பொறுங்கள், மறுபடி ஓப்பன் பண்ணுங்கள், மூன்று தடவை செய்தும் வராவிட்டால் கூப்பிடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

செய்தேன். மூடி, பதினோரு திருகாணிகளையும் முறுக்கி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சரியாகப் பத்து விநாடி பொறுத்து, மறுபடி பதினொன்றையும் கழற்றினேன். இரண்டாம் தடவை முடியும்போது உள்ளங்கையில் கொப்புளம். மூன்றாம் தடவை திருகாணிகள் ஒன்பதுதான் இருந்தன. இந்த இரண்டு மணி நேரத்தில் பொத்தான் பக்கம் என் விரல் போகவே இல்லை. அவர்தான் அமுக்கச் சொல்லவில்லையே.

அவள் வந்தபோது நான் மேசைக்கு அடியில் இருந்தேன், திருகாணி தேடிக்கொண்டு. மேலே அவளுடைய இரண்டு வருடம் வயிறு பிளந்து கிடந்தது. அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நடந்ததை எல்லாம் சொன்னேன், டிஸ்கெட் வாங்காததையும் சேர்த்து. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"அந்த ஆளோட நம்பரைக் குடுங்க," என்றாள்.

தவுக்கேயோடு மலாயில் பேசினாள். கொஞ்சம் கேட்டாள், கொஞ்சம் சொன்னாள். பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அவர் ஓப்பன்னு சொன்னப்போ நீங்க என்ன செஞ்சீங்க?"

கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் காட்டினேன்.

"சுவிட்சைப் போடுன்னு சொல்லியிருக்காரு."

அதை அவரிடமும் சொன்னாள். அவர் சிரித்த சிரிப்பு எனக்கு மேசைவரை கேட்டது. கடையில் இருந்த மற்றவர்களுக்கும் விளக்கிச் சொல்லிவிட்டார் போல, சிரிப்பு அலையலையாக வந்தது. அன்று ஓர் இலக்கணப் பிழைக்கும் சிவப்பு மை எடுக்கும் நிலையில் நான் இல்லை.

கார்டின் இரண்டு பக்கமும் கொக்கி விழும்வரை அழுத்த வேண்டுமாம். நான் உட்காரவைத்ததோடு நிறுத்தியிருந்தேன். அவள் கட்டைவிரலை வைத்து ஓர் அமுக்கு அமுக்கினாள். டக்கென்று சத்தம். மூடினோம். பொத்தானை அவளே அமுக்கினாள். பச்சை விளக்கு எரிந்தது, அணையவில்லை.

அவள் கோப்பைத் திறந்தாள். முதலில் வந்தது நன்றியுரைப் பக்கம். மேற்பார்வையாளருக்கு, தலைமையாசிரியைக்கு, தோழிகளுக்கு. கடைசி வரி எனக்கு. இரண்டு வருடமும் எதிலும் தலையிடாமல் நிம்மதியாக எழுதவிட்ட என் கணவருக்கு, என்று இருந்தது. அதுவரை நான் அதைப் படித்ததில்லை.

அதை எடுத்துவிடு என்றேன். அவள் அந்த வரியைப் பார்த்தாள். பிறகு அச்சு இயந்திரத்தின் கம்பியை இழுத்து லேப்டாப்பில் செருகினாள்.

"இருக்கட்டும். எழுதுறப்போ உண்மையாத்தான் இருந்துச்சு."