பூஜையில் வைத்த சிக்னல் புத்தகங்கள்

என் வீட்டுக்காரர் சுவாமிநாதன் ரயில்வேயில் சிக்னல் இன்ஸ்பெக்டராக இருந்தவர். கைகாட்டி மரம், அதை இழுக்கிற கம்பி, கேபினில் வரிசையாக நிற்கும் லீவர்கள், இவைதான் அவர் உலகம். வீட்டில் வாயைத் திறந்தால் "சாதம் போடு", "ரசத்துல உப்பு கம்மி", அவ்வளவுதான். மற்றபடி நல்ல மனுஷர். ரிட்டயர் ஆன அன்று, ஆபீஸ் முத்திரை இருக்கிறதென்று தன் சிக்னல் புத்தகங்களை ஒன்று விடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு மயிலாப்பூர் வந்து சேர்ந்தார். ஆறே மாதத்தில் அதே புத்தகங்களுக்கு ஏங்க ஆரம்பித்தார்.

காரணம், கூடத்து மூலையில் அவர் செய்துகொண்டிருந்த பொம்மை கேபின். அட்டையும் சைக்கிள் கம்பியும் வைத்துப் பன்னிரண்டு லீவர். ஒன்றை இழுத்தால் அதற்கு எதிரானது அசையக் கூடாதாம். அசைந்தால் இரண்டு வண்டி ஒரே தண்டவாளத்துக்கு வந்துவிடும். இவருடைய கேபினிலோ ஐந்தாம் நம்பரும் ஒன்பதாம் நம்பரும் சேர்ந்தே வந்தன. எது எதைப் பூட்டும் என்கிற கணக்கெல்லாம் அந்தப் புத்தகங்களில்தான் இருந்ததாம்.

"தினம் ஒரு ஆக்ஸிடென்ட் பண்ணிண்டிருக்கேன்" என்று ஒருநாள் என்னிடம் வந்து சொன்னார்.

"சாப்பிட வாங்கோ" என்றேன். நான் கோட்டை விட்டது அங்கேதான்.

லஸ் பிளாட்பாரத்துப் பழைய புத்தகக் கடைகளில் ஒன்றரை வருஷம் தேடினார். பரீட்சை கைடும் சினிமாப் பத்திரிகையும்தான் இருந்தன. அப்போதுதான் மாடிக்கு நீரஜா குடிவந்தாள். காலேஜில் பிசிக்ஸ் சொல்லிக் கொடுக்கிறவள், முப்பத்தைந்து வயசு. தண்ணீர் மோட்டார் சாவி கேட்க வந்தவள் கேபினைப் பார்த்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மாமா, கிளாஸ்ல நான் போர்டுல எழுதறதை நீங்க கம்பியில பண்ணியிருக்கேளே!"

இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அன்றிலிருந்து தினம் சாயங்காலம் இரண்டு பேரும் மூலையில். நான் அடுக்களையில். முப்பது வருஷமாக என்னிடம் பேசாத பேச்சையெல்லாம் அங்கே பேசினார். சிரித்தார்கூட. நான் அஞ்சாம் கிளாஸ் படித்தவள். இங்கிலீஷில் அவர்கள் சிரித்தால் எனக்கு எதற்கென்று எப்படித் தெரியும்?

அவள் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பிரதோஷத்துக்கு எனக்குப் பூ வாங்கி வருவாள். அதுவும் எரிச்சலாக இருந்தது. கற்பகாம்பாள் சந்நிதியில் நின்று, இந்தப் பொறாமையை எடுத்துவிடு தாயே என்று வேண்டுவேன். வேண்டி முடித்த கையோடு, அவளுக்கு வெளியூருக்கு மாற்றல் வரக் கூடாதா என்றும் கேட்டு வைப்பேன்.

தொண்ணூற்று நாலில் சரஸ்வதி பூஜையன்று காலை அவள் படியில் குதித்து இறங்கி வந்தாள். கையில் துணி சுற்றிய இரண்டு தடிப் புத்தகங்கள்.

"மாமி, கெடைச்சுடுத்து! எங்க காலேஜ் ஜஹீதாவோட அப்பா ஷாஹுல் ஹமீது, கே.கே. நகர்ல இருக்கார். அவரும் சிக்னல்காரர்தானாம். வீடு காலி பண்றார், பெட்டியில இருந்துது. நாளைக்குக் கார்த்தால எட்டு மணிக்குத் திருப்பிக் குடுத்துடணும். மாமா எங்கே?"

"குளிக்கிறார். குடு."

வாங்கினேன். மனையில் ஸ்லோகப் புத்தகங்களையும் பஞ்சாங்கத்தையும் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் மாடி ஏறியதும் அந்த இரண்டையும் துணி பிரித்து எல்லாவற்றுக்கும் அடியில் வைத்து, மேலே பட்டுத் துணியைப் போர்த்தி, சந்தனம் குங்குமம் இட்டு, பூவும் போட்டுவிட்டேன். பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள் புனர்பூஜை ஆகும்வரை தொடவோ படிக்கவோ கூடாது. பக்தியாகத்தான் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விஷயம் தெரிந்ததும் நீரஜா பதறினாள். "ஐயோ மாமி! இன்னிக்கு ஒரு நாள்தானே டைம்? செராக்ஸ் மெஷினுக்குக்கூட எல்லாக் கடையிலயும் மாலை போட்டு மூடிட்டா. கையால எழுதிக்கலாம்னு இருந்தோம்."

"சுவாமிக்கு வச்சதை எப்படிம்மா எடுக்கறது?" என்றேன், ரொம்ப சாதுவாக.

இவர் என்னைத் திட்டவில்லை. "வச்சா வச்சதுதான், விடு நீரஜா" என்றார். அவள் அபிராமபுரத்தில் அக்கா வீட்டுக் கொலுவுக்குக் கிளம்பிப் போனாள். இவர் மனைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். பட்டுக்குக் கீழே தெரிந்த புத்தக முதுகின் எழுத்தைத் தலையைச் சாய்த்துப் படித்தார். இலையில் வடையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். இவர் வடையை விட்டு நான் பார்த்ததில்லை.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. மூன்றரை மணிக்கு விளக்கை ஏற்றி, பாலும் சர்க்கரையும் நைவேத்தியம் செய்து, கற்பூரம் காட்டினேன். "அம்மா, நான் வச்சது பக்தியில இல்லே. உனக்குத் தெரியும். எடுக்கறது பாவம்னா என் தலையில போகட்டும்" என்று சொல்லி, முறைப்படி புத்தகங்களை வடக்கே நகர்த்தி, வெளியே எடுத்தேன்.

"ஏண்டி, எடுக்கப்படாதே?"

"புனர்பூஜை ஆயிடுத்து."

"இன்னிக்கேவா?"

"இன்னிக்கேதான். அவ கையால வந்துதுன்னுதான் அடியில வச்சேன். போறுமா?"

"அசடு" என்றார். பிறகு பெரிய நோட்டை விரித்து, "கண்ணாடியைப் போட்டுண்டு வா. நம்பர் தெரியுமோல்லியோ? நீ சொல்லு, நான் எழுதறேன்" என்றார்.

எந்த லீவர் எதையெல்லாம் பூட்டும் என்று பக்கம் பக்கமாகக் கட்டம். நம்பருக்கு இங்கிலீஷ் எதற்கு? விரல் வைத்து வாசித்தேன்.

"அஞ்சு பூட்டறது ஏழு, ஒன்பது, பதினொண்ணு."

"ஒன்பதா? சரியாப் பாரு."

"ஒன்பதுதான். கொட்டை எழுத்துல இருக்கு."

"அடடா! நான் ஏழோட நிறுத்திட்டேன்" என்று தொடையில் தட்டிக்கொண்டு, ஏன் என்று எனக்குச் சொன்னார். பாதி புரிந்தது. மீதிக்கும் தலையாட்டினேன்.

ஏழு மணிக்கு நீரஜா சுண்டல் பொட்டலத்தோடு உள்ளே வந்தாள். புத்தகம் வெளியே இருப்பதைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துபோயிற்று.

"மாமி, எழுந்திருங்கோ, பாவம் இடுப்பு வலிக்கும். மீதியை நான் சொல்றேன்."

"நீ சுண்டலைப் பிரிச்சுத் தட்டுல வைம்மா" என்றேன். "பன்னிரண்டாம் பக்கம், எழுதிக்கோங்கோ."