சமதரையில் வைத்த கல்

எங்கள் அப்பா போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய மூத்த மகளாக வணக்கம் சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைத்துப் போவது அப்பாவின் பழக்கம். எனக்கு அது வராது.

அப்பா பிறந்தது மலைமேல் ஆலத்தூர் நாட்டில், சாமையும் மரவள்ளியும் விளையும் ஒரு மேட்டுக்காட்டில். தாத்தா சீக்கிரமே இறந்துவிட்டதால் பள்ளிக்கூடம் பாதியில் நின்றது. சோளக்காட்டுச் சந்தையில் பலாப்பழம் ஏற்றப் போனவர், அப்படியே ஒரு லாரியில் கிளீனராக அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கினார். பிறகு ஓட்டுநரானார். அந்தச் சம்பாத்தியத்தில்தான் தங்கையும் நானும் படித்தோம், எங்களுக்குக் கல்யாணமும் நடந்தது. குடித்துவிட்டு ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. யாரையும் மரியாதை குறைத்துப் பேசியதில்லை.

அவருக்கு ஒரே ஒரு பைத்தியம் இருந்தது. லோடு இறக்கிவிட்டுக் காலி வண்டியில் திரும்பும்போது நான்கு வழிச் சாலை அவருக்கு ஆகாது. "அந்த ரோட்டுல என்ன இருக்குது கண்ணு? எல்லா ஊரும் போர்டுல மட்டும்தான் வருது" என்பார். ஏரிக்கரை, புளியமர நிழல், வாரச்சந்தை கூடும் சின்னச் சின்ன ஊர் என்று வண்டியை உருட்டிக்கொண்டு வருவார். நம் மலையையே தம்மம்பட்டி ரோட்டிலிருந்துதான் பார்க்க வேண்டும் என்பார். "மேல இருக்கறப்ப காடு, பாறைன்னு துண்டு துண்டாத் தெரியுது. அங்கிருந்து பாத்தாத்தான் முழுசாத் தெரியுது." வீட்டுக்கு வர நேரமானால், "எந்த ஊரு சந்தையில வாயப் பாத்துட்டு நிக்கறாரோ" என்று அம்மா திட்டுவார். அப்பா வந்ததும் அந்த ஊர்க் கதையை முதலில் கேட்பவரும் அம்மாதான்.

சென்ற ஆண்டு அந்த ரோட்டில்தான் அப்பாவின் உயிர் போனது. கடலூர்ப் பக்கம் லோடு இறக்கிவிட்டு வந்தவர், ஆத்தூரில் பெரிய சாலையை விட்டுத் தம்மம்பட்டிக்குத் திரும்பியிருக்கிறார். தனியாகத்தான் வந்தார். மாரடைப்பு, ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது என்று எங்களுக்குப் போன் வந்தது.

துக்கத்துக்கு வந்த இடத்தில் சிலர், "பெரிய ரோட்டுல வந்திருந்தாப் பொழச்சிருப்பாரு. ஆளில்லாத ரோட்டுல என்ன பாடு பட்டாரோ" என்றார்கள். நல்லெண்ணத்தில் சொன்னதாகவே வைத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பேச்சு அம்மாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. சோற்றைப் பிசைந்தபடியே, "ஸ்டேரிங்கப் புடிச்சுட்டுத் துடிச்சாரோ கண்ணு? தண்ணி கேட்டாரோ?" என்பார். சோறு அப்படியே கிடக்கும். அந்தக் கேள்வி அம்மாவையும் கொண்டுபோய்விடும் என்று எனக்குப் பயம் வந்தது. லாரியை எடுத்துவந்தவர்களிடம் இடம் கேட்டுக்கொண்டு, ஒரு வாடகைக் கார் பிடித்து அம்மாவை அந்த இடத்துக்கே அழைத்துப் போனேன். வழி நெடுக அம்மா ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

புளியமரத்தடியில் ஒரு டீக்கடை. கணவனும் மனைவியும் நடத்துகிறார்கள். நாங்கள் யாரென்று சொன்னதும் கடைக்காரப் பெண் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார். அம்மா வேறெதுவும் கேட்கவில்லை.

"சக்கரத்துக்குக் கல்லு வெச்சாரா?" என்றுதான் கேட்டார்.

மலை ரோட்டில் பழகியவர்கள் வண்டியை நிறுத்தினால், உருண்டுவிடாமலிருக்கப் பின்சக்கரத்தின் அடியில் கல் வைத்துவிட்டுத்தான் நகர்வார்கள். அப்பா சமதரையிலும் வைப்பார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிறுத்திய மனிதர் இறங்கிக் கல் தேடியிருக்க மாட்டார் என்பது அம்மாவின் கணக்கு.

"வெச்சாருங்கக்கா. இந்தச் சம ரோட்டுல வண்டி எங்கீங்கண்ணா ஓடீரப் போவுதுன்னு நான் எப்பவும் சிரிப்பேன். அன்னைக்கும் சிரிச்சேன். 'இருக்கட்டும் தங்கச்சி, அது பாட்டுக்குப் போயிருச்சுன்னா நான் மலைக்கு நடக்கோணும்'னாரு. டீய வாங்கிட்டு மலையப் பாத்து இந்த பெஞ்சுலதான் உக்காந்தாரு. பாதி டீதானுங்க குடிச்சிருப்பாரு. பக்கத்துல இருந்த எங்க ஊட்டுக்காரர் தோள்ல அப்படியே சாஞ்சுட்டாரு. தண்ணி குடுத்தோம், ஒரு வாய் குடிச்சாருங்க."

அம்மா அந்த பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன். கல் மரத்தடியிலேயே கிடந்தது. வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டேன். "வேண்டாங்கண்ணு. இங்கயே கெடக்கட்டும், வேற வண்டிக்காரங்களுக்கு ஆவும்" என்றார் அம்மா. திரும்பும்போது முன்சீட்டில் ஏறிக்கொண்டார். அன்று இரவு வயிறாரச் சாப்பிட்டார்.

பெரிய சாலையில் வந்திருந்தால் அப்பா பிழைத்திருப்பாரா? எனக்குத் தெரியாது. ஆளில்லாத ரோட்டில் அவர் சாகவில்லை என்பது மட்டும் தெரியும். தோள் கொடுத்த அந்தக் கடைக்காரருக்கும், தண்ணீர் கொடுத்த அவர் மனைவிக்கும், கேட்காமலே தன் வேனில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன அவ்வூர் இளைஞருக்கும், லாரியைப் பத்திரமாக ஓட்டிவந்து சேர்த்த அப்பாவின் கூட்டாளிகளுக்கும், எங்களோடு அழுத ஆலத்தூர் நாட்டுச் சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது.

அம்மா ஒன்று சொல்லச் சொன்னார். இன்று சாப்பாடு முடிந்து ஆத்தூர்ப் பக்கம் கிளம்புகிறவர்கள் தம்மம்பட்டி ரோட்டிலேயே போங்கள். புளியமரத்தடியில் வண்டியை நிறுத்துங்கள். மலையைப் பார்த்துப் போட்டிருக்கும் அந்த பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு டீயை முழுசாகக் குடித்துவிட்டுப் போங்கள்.