லைப்ரரி மிஸ் இருந்த அறை

வராந்தாவின் இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு நீல நைலான் கயிறு கட்டியிருக்கும். அதில் துணி காயாது, புத்தகங்கள் காயும். நடுவில் விரித்து, முதுகு மேலே இருக்கும்படி கயிற்றில் கவிழ்த்து, காற்றில் பறந்துவிடாமல் துணி கிளிப் மாட்டியிருப்பார்கள். கடற்காற்று வீசும்போது எல்லாப் புத்தகங்களும் ஒரே பக்கமாகப் படபடக்கும். அந்த வழியாகப் போகும் பெண்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். ஏனென்றால் அவை எல்லாம் கருவாட்டு வாசனை பிடித்த புத்தகங்கள். அந்தக் கயிற்றில் முதன்முதலாகத் தொங்கியது எங்கள் வீட்டிலிருந்து திரும்பிப் போன புத்தகம்.

மாமல்லபுரத்தை ஒட்டிய ஒரு குப்பம் எங்களுடையது. அப்பா கடலுக்குப் போவார். அம்மா கரையில் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையில் வைத்துத் தெருத்தெருவாக விற்பாள். இருவருக்கும் எழுத்துத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான். இதை நான் எங்கேயும் தயங்காமல், கொஞ்சம் பெருமையாகவே சொல்வேன். தொண்ணூறுகளின் கடைசியில் அரசுப் பெண்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தேன். படிக்கட்டை ஒட்டி, நீளவாக்கில் ரயில் பெட்டி மாதிரி ஒரு அறை அங்கே இருந்தது. அதுதான் நூலகம். அதில் இருந்தவரை நாங்கள் லைப்ரரி மிஸ் என்றுதான் கூப்பிடுவோம்.

அவருக்கு அப்போது முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கருங்குழியிலிருந்து பஸ் ஏறி, செங்கல்பட்டில் மாறி, திருக்கழுக்குன்றம் வழியாக வந்து சேருவார். வரும்போதே தலை கலைந்து, பஸ்ஸை நடத்துகிறவர்களை இரண்டு வார்த்தை திட்டிக்கொண்டே கதவைத் திறப்பார். சுத்த சைவம். கடலோரத்தில் வேலை கிடைத்தது அவருடைய மூக்குக்குக் கிடைத்த தண்டனை என்று அவரே சொல்லிச் சிரிப்பார். நூலகப் படிப்பு படித்து, அதற்கென்றே வேலைக்கு வந்தவர். ஆனால் எந்த வகுப்புக்கு ஆசிரியர் வரவில்லையோ அங்கே அவரை அனுப்புவார்கள். பஸ் பாஸ் விண்ணப்பம் எழுத, ஆண்டு விழாவுக்குத் தோரணம் கட்ட, எல்லாவற்றுக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். “நான் லைப்ரேரியன் சார். எவர்சில்வர் சொம்பு மாதிரி எல்லாத்துக்கும் என்னையே எடுக்காதீங்க” என்று அவர் யாரிடமோ சொன்னதை நான் ஜன்னல் வழியாகக் கேட்டிருக்கிறேன். சொல்லிவிட்டுப் போய்த் தோரணமும் கட்டினார்.

மணி அடிக்கும் முன்பே நீள மேசையில் கொஞ்சம் புத்தகங்களை அட்டை தெரியும்படி பரப்பி வைத்துவிடுவார். கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று வைத்ததாகத்தான் நாங்கள் நினைத்தோம். வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது, ஒவ்வொன்றும் ஒருத்தியை மனதில் வைத்து வைத்தது. நான் கதைப் புத்தகம் வாங்கிப் போய்ப் பாதியிலேயே திருப்பிக் கொடுப்பேன். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் அறையில் சும்மா இருக்கும் நேரத்தில் நான் எந்தப் பக்கம் போகிறேன் என்று பார்த்திருக்கிறார். நான் உலக வரைபடப் புத்தகத்தில் எங்கள் கடல் எங்கே முடிகிறது என்று விரல் வைத்துத் தேடிக்கொண்டிருப்பேன். ஒருநாள் மேசையில் என் இடத்துக்கு நேராக, கப்பல் எப்படிக் கட்டுகிறார்கள் என்று படம் போட்டு விளக்கும் புத்தகம் கிடந்தது. எடுக்கலாமா என்று பார்த்தேன். “கதை பிடிக்கலைன்னா பரவாயில்லடி. கதை பிடிக்காதவங்களுக்கும் இங்க எடம் இருக்கு” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் பள்ளி முடியும்வரை அந்த அறைக்குப் போனேன்.

அந்தக் கப்பல் புத்தகத்தைத்தான் அம்மா கருவாட்டு டப்பாவில் வைத்தாள். மழைக்காலம். எங்கள் வீட்டில் ஒழுகாத இடம் கிடையாது, எலித் தொல்லை வேறு. மூடி இறுக்கமான, எறும்புகூட நுழையாத ஒரு தகர டப்பா மட்டும் இருந்தது. வருடம் முழுக்க வீட்டைக் காப்பாற்றும் கருவாடு அதில் இருக்கும். அரசாங்கத்துப் புத்தகம், கெட்டுப்போனால் பள்ளிக்கூடத்தில் கேட்பார்கள் என்ற பயத்தில், வீட்டிலேயே பத்திரமான அந்த இடத்தில் அதை வைத்து மூடிவிட்டாள். ஒரு வாரம் கழித்து மிஸ் புத்தகத்தைத் திறந்தார். அடுத்த நொடி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து வாசலுக்கு ஓடினார்.

அன்று மதியம் அம்மா கூடையோடு பள்ளி வாசல் பக்கமாக வந்தபோது, மிஸ் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு அவளை நிறுத்தினார்.

“ஏம்மா, புத்தகத்தைக் கொழம்புல போட்டீங்களா?”

“இன்னாமா நீ, கொழம்புல போட்டா எய்த்து நிக்குமா? டப்பால வச்சேன். எங்க வூட்ல ஈரம் படாத எடம் அது ஒண்ணுதான் கீது. எலி கட்ச்சிருந்தா மட்டும் சிரிச்சிகினு வாங்கிப்பியா?”

மிஸ் புத்தகத்தையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, “சரி, இந்த வாசனை எப்பப் போகும்?” என்று கேட்டார்.

“வெயில்ல போடாத, அட்ட வளைஞ்சிக்கும். நெயல்ல, காத்து வர்ற எடமா பாத்து தொங்க வுடு. ரெண்டு நாள்ல பூடும்.”

போகவில்லை. ஒரு வாரம் தொங்கியும் போகவில்லை. அம்மா அடுத்த முறை வந்தபோது மிஸ் அதைச் சொல்ல, “அது நல்ல வஞ்சிரக் கருவாடுமா, அவ்ளோ சீக்கிரம் பூடுமா?” என்றாள் அம்மா, பாராட்டு வாங்கியவளைப் போல. மிஸ் சிரித்துவிட்டார். அதற்கப்புறம் அவர்களுக்குள் ஒரு பேச்சு வழக்கம் வந்தது. வாசலில் பார்த்தால் அம்மா, “இன்னா தயிர் சோறு, நாஸ்தா ஆச்சா?” என்பாள். “ஆச்சு. நீங்க கூடையக் கொஞ்சம் தள்ளி வச்சுட்டுப் பேசுங்க” என்பார் அவர்.

குப்பத்துப் பிள்ளைகளுக்கு இனி வீட்டுக்குப் புத்தகம் கிடையாது என்று அவர் சொல்லியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். தொலைந்தாலும் கெட்டாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அந்தப் பயத்தில் பூட்டியே வைத்திருக்கும் பள்ளிகளைப் பற்றி அவரே சொல்லியிருக்கிறார். அவரோ கயிறு வாங்கிக் கட்டினார். எங்கள் குப்பத்தில் பல வீடுகளிலும் பத்திரமான இடம் என்றால் அந்த மாதிரி டப்பாதான் என்பதால் கயிறு எப்போதும் நிறைந்தே இருந்தது. மற்ற பெண்கள் எங்கள் நூலகத்துக்குக் கருவாட்டு லைப்ரரி என்று பெயர் வைத்தார்கள். மிஸ் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, புத்தகங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போடுவார்.

நான் பத்தாம் வகுப்பு வந்தபோது பள்ளிக்குக் கம்ப்யூட்டர்கள் வந்தன. வைக்க இடம் இல்லை. புதிதாக வந்திருந்த தலைமையாசிரியை ஒரு முடிவு எடுத்தார். புத்தகங்களை எல்லாம் பீரோவில் அடுக்கி ஆசிரியர் அறையில் வைப்பது, சாவி ஏதாவது ஒரு ஆசிரியரிடம் இருப்பது, நூலக அறை கம்ப்யூட்டருக்கு, லைப்ரரி மிஸ் அலுவலக வேலைக்கு. தலைமையாசிரியை கெட்டவர் இல்லை. எங்களுக்குக் கம்ப்யூட்டர் வந்ததில் எங்களைவிட அவருக்குத்தான் சந்தோஷம். “புத்தகம் எங்கயும் போகலையே, பத்திரமா பீரோவுலதானே இருக்கப் போகுது” என்று அவர் சொன்னபோது அது நியாயமாகத்தான் பட்டது. மிஸ் மட்டும் அன்று மேசையில் புத்தகம் பரப்பவில்லை. வெறும் மேசையைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வீட்டில் சொன்னேன். அம்மா வலையில் சிக்கிய நண்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். “அப்ப அந்தம்மா?” என்றாள். அலுவலகத்துக்கு என்றேன். “உனுக்கு யாரு புக்கு எட்த்துக் குடுப்பாங்க?” என்றாள். யாருமில்லை என்றேன். நண்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

பெற்றோர் கூட்டம் எப்போதும் காலையில்தான் நடக்கும். அது படகு கரைக்கு வரும் நேரம். ஆகவே எங்கள் குப்பத்திலிருந்து யாரும் வரமாட்டார்கள். போனாலும் ஆண் யாராவது போய்க் கைநாட்டு வைத்துவிட்டு வருவது வழக்கம். அந்த முறை, ஏலம் முடிந்த கையோடு பெண்கள் கூட்டமாக வந்தார்கள். மீனை விட்டுவிட்டு வர முடியாது, அதனால் கூடைகளோடு வந்தார்கள். கூட்டம் நடந்த அறைக்குள் கூடைகள் வரிசையாக உட்கார்ந்தன. தலைமையாசிரியை பதறிப்போய், “கூடையெல்லாம் வெளியில வைங்கம்மா” என்றார்.

“வெளிய வச்சா காக்கா தூக்கிகினு பூடும்மா. சட்னு பேசு, ஐஸ் கரையுது” என்றாள் அம்மா.

மிஸ் சுவரோரமாக நின்றிருந்தார். அன்று மூக்கை மூடவில்லை.

தலைமையாசிரியை பொறுமையாகவே விளக்கினார். கம்ப்யூட்டர் உங்கள் பிள்ளைகளுக்குத்தானே என்றார். “வாணாம்னு யாரு சொன்னா? நல்லா வையி” என்றாள் அம்மா. புத்தகமும் பீரோவில் இருக்கும் என்றார் அவர். அப்போதுதான் அம்மா எழுந்தாள். ஏலத்தில் பேசுகிற குரல் அவளுக்கு. அந்தக் குரலை அவளால் குறைக்கவே முடியாது.

“எனுக்குப் படிக்கத் தெரியாதும்மா. எம் பொண்ணு கைல கீறது இன்னா புக்கு, அவ வயசுக்குத் தோதா, ஒண்ணுமே எனுக்குத் தெரியாது. அவ நைனாவுக்கும் தெரியாது. உன் வூட்டுப் புள்ளைக்கு நீ சொல்லுவ. எங்க புள்ளைங்களுக்கு வூட்ல சொல்ல யாருகீறா? இந்த தயிர் சோத்தம்மாதான் கீது. எது குடுத்தா படிக்கும், எது குடுத்தா தூக்கிப் போடும்னு இதுக்குத் தெரியும். பீரோக்குத் தெரியுமா?”

அறையில் யாரோ சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. இன்னொருத்தி, “மீனக் கூட பூட்டி வச்சா நாறிடும்மா” என்று சேர்த்துக்கொண்டாள். ஐஸ் தண்ணீர் கூடைகளிலிருந்து வழிந்து தலைமையாசிரியையின் மேசைக் கால் வரை ஓடியது. அவர் கால்களைத் தூக்கிக்கொண்டு யோசித்தார். பிறகு, அறிவியல் கூடத்தின் பக்கத்தில் இருந்த சாமான் அறையைக் காலி செய்து அங்கே கம்ப்யூட்டரை வைக்கலாம் என்றார். மறுநாள் காலை மேசையில் புத்தகங்கள் பரப்பியிருந்தன. மதியம் அம்மா வாசலில் நின்றபோது மிஸ் கூடைக்கு மிகப் பக்கத்தில் போய் நின்று, அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “பாத்தும்மா, கையி நாறும்” என்றாள் அம்மா.

அதன்பிறகு நான் படித்தேன், டிப்ளமோ முடித்தேன். இன்று சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை. ஊரப்பாக்கத்தில் தோழிகளோடு வாடகை வீடு. மிஸ்ஸை நான் பள்ளியை விட்டு வந்த சில காலத்திலேயே மாற்றிவிட்டார்கள். அவர் இடத்துக்கு வேறு யாரையும் போடவில்லை. நூலகப் படிப்பு படித்த அவர், செங்கல்பட்டில் ஒரு அலுவலகத்தில் இன்று கோப்புகளுக்கு எண் போட்டுக்கொண்டிருக்கிறார்.

சில மாதங்களுக்கு முன் பழைய மாணவிகளைப் பள்ளிக்குக் கூப்பிட்டார்கள். அந்த அறைக்குப் புதிதாக வெள்ளை அடித்திருக்கிறார்கள். கண்ணாடி பீரோக்கள், மேலே ஒட்டிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத புத்தகங்கள். சாவி கணக்கு ஆசிரியரிடம், அவர் ஏதோ பயிற்சிக்குப் போயிருந்தார். இன்னொரு பீரோ வாங்கித் தர முடியுமா என்று எங்களிடம் கேட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. சனிக்கிழமைதோறும் நானே வந்து திறக்கிறேன் என்று சொல்லிச் சாவியை வாங்கினேன்.

திறப்பது சுலபம். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி முதல் நாளே வந்து நின்றாள். அவளுடைய அம்மா கடற்கரைச் சாலையில் ஒரு விடுதியில் அறை சுத்தம் செய்யப் போகிறவள். எனக்குப் பிடித்த மாதிரி நல்ல கனமான புத்தகமாகப் பார்த்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் திருப்பிக் கொண்டுவந்தாள். இரண்டு பக்கம்தான் படித்திருந்தாள். ஆர்வமில்லை என்று நினைத்துக்கொண்டேன். அன்று மாலை மிஸ்ஸுக்குப் போன் செய்து இதைச் சொன்னேன்.

“எங்க உக்காந்து படிச்சாளாம்?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அதைக் கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

“கேட்டுட்டு வா. அதுவரைக்கும் புத்தகம் எதுவும் கொடுக்காத.”

அடுத்த சனிக்கிழமை கேட்டேன். “தம்பிய மடில போட்டுக்கினுதான்க்கா. அம்மா வர்ற வரைக்கும் அவன நான்தான் பாத்துக்கணும். அவன் படம் காட்டு படம் காட்டுன்றான், இதுல படமே இல்ல” என்றாள் அந்தப் பெண். அங்கிருந்தே மிஸ்ஸுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் மறுமுனையில் சிரித்தார். பழைய சிரிப்பு. “அப்போ தம்பிக்கு ஒண்ணு, படம் பெருசா இருக்கறதா. அவன் தூங்கினப்புறம் அவளுக்கு ஒண்ணு, சின்னச் சின்னதா நிறுத்தி நிறுத்திப் படிக்கிற மாதிரி. ரெண்டா கொடுத்தனுப்பு” என்றார். அவர் சொன்ன மாதிரியான புத்தகங்கள் அந்த பீரோவிலேயே இருந்தன. இரண்டு வாரமாக நான் அவற்றின் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன்.

இரண்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்தப் பெண் வாசல்வரை போனாள். திரும்பி வந்தாள். “நாளைக்கு ஞாயித்துக்கெழம. திங்கக்கெழம வருவீங்களாக்கா?” என்று கேட்டாள். எனக்கு ஷிப்ட் இருந்தது. “பாக்கறேன்” என்றேன்.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு, பழைய மாணவிகள் சிலர் கையெழுத்திட்ட மனுவோடு செங்கல்பட்டில் கல்வி அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி நல்லவராகத்தான் பேசினார். மனுவைப் படித்துவிட்டு, “புத்தகம் வேணும்னா சொல்லுங்கம்மா, ஏற்பாடு பண்ணலாம். ஆள் போடறதுதான் கஷ்டம்” என்றார்.

“புத்தகம் நெறைய இருக்கு சார். இந்த வேலைக்குப் படிச்ச ஒருத்தர்தான் வேணும்” என்றேன்.

“சனிக்கிழமை நீங்கதான் பாத்துக்கறீங்களாமே?”

“இன்னிக்குத் திங்கக்கெழம சார். ஏழாவது படிக்கிற ஒரு பொண்ணு இந்நேரம் லைப்ரரிக் கதவத் தள்ளிப் பாத்துட்டுப் போயிருக்கும்.”