தவணை கடந்தோர் பட்டியல்

அறிவிப்புப் பலகையில் மேலிருந்து கீழாக இறங்கிய ஓர் ஆள்காட்டி விரல்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. நகம் ஒட்ட வெட்டிய, சுத்தமான விரல். ஒவ்வொரு பெயரிலும் ஒரு கணம் தங்கி அடுத்த வரிக்கு இறங்கியது. பாதிப் பட்டியலில் ஓரிடத்தில் நின்றது. அதன் பிறகு இறங்கவில்லை.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் பாளையங்கோட்டையில் ஒரு நூலகத்தில், நூலகருக்கு அடுத்த நிலையில் இருந்தேன். விதிகள் எனக்கு மனப்பாடம். கிழிந்த புத்தகத்தைக் கழிக்க எத்தனை கையெழுத்து, துடைப்பம் வாங்க எத்தனை விலைப்புள்ளி என்று மற்ற கிளைகளிலிருந்தும் வந்து கேட்டுப் போவார்கள். நூலகர் அம்மா சாத்தான்குளத்துப் பக்கம். என்னைவிடப் பத்து வயது இளையவர். பேசினால் பக்கத்து மேசைக்குக் கேட்காது. விதிப் புத்தகத்தில் இல்லாத கேள்விகளாகக் கேட்பார் என்பது அவர்மேல் எனக்கிருந்த மனக்குறை.

அந்த ஆண்டு வாசகர் அட்டைகளைக் கணினியில் ஏற்றும் வேலையை ஊரிலிருந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குக் கொடுத்தோம். ஒப்பந்தத்தை நான்தான் எழுதினேன். அட்டைப் பெட்டிகள் மழையில் நனையக் கூடாது, தாமதமானால் அபராதம், எல்லாம் மூன்று பிரதி. நூலகர் அம்மா படித்துவிட்டு, “சார், இந்தப் பேரு, விலாசமெல்லாம் இனிமே அவரு மெஷின்லயும் கிடக்குமே. வேலை முடிஞ்சதும் அதை என்ன செய்வாரு? ஒரு வரி எழுத வேண்டாமா?” என்றார்.

“எந்த விதியில மேடம் அப்படி இருக்கு? அவன் அதை வச்சு என்ன செய்வான், வறுத்துத் திம்பானா?”

மற்ற ஊழியர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மேலிடம் அவசரப்படுத்தியது, அந்த ஒரு வரி இல்லாமலே ஒப்பந்தம் போய்விட்டது.

நூலகர் அம்மா ஒரு வேலையாக அம்பாசமுத்திரம் போயிருந்த காலையில் சென்டரிலிருந்து முதல் பட்டியல் வந்தது. புத்தகத்தைத் தவணைக்குள் திருப்பாதவர்களின் பட்டியலைப் பலகையில் ஒட்டுவது எங்கள் வழக்கம். கையால் எழுதிய காலத்தில் அட்டை எண் மட்டும்தான் இருக்கும். அதற்குக் காரணம் கொள்கை அல்ல, சோம்பல். கணினிக்குச் சோம்பல் இல்லை. பெயர், கணவர் பெயர், கதவு எண், தெரு, எடுத்த புத்தகம் என்று வரி பிசகாமல் அடித்திருந்தது. அந்த நேர்த்தியில் மயங்கி நானே நான்கு மூலையிலும் ஊசி குத்தினேன்.

பதினொரு மணிக்கு அந்த விரல் வந்தது. விரலுக்குரியவர் வெள்ளை வேட்டி கட்டிய, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க மனிதர். மரியாதையாகத்தான் பேசினார்.

“அண்ணாச்சி, இது நம்ம தங்கச்சிதான். பாத்து ரொம்ப நாளாச்சு. இந்த வீட்டுலதான் இருக்காளா, மாறிட்டாளா?”

“மாறலவே. போன வாரம் நினைவூட்டு அட்டை போட்டோம். ஆளு இல்லன்னா தபால் திரும்பி வந்துருக்கும். வரல. அப்போ விலாசம் சரிதான்.”

இந்தத் தர்க்கத்தில் அன்று எனக்குப் பெருமைகூட இருந்தது. அவர் பலகையைத் திரும்பிப் பார்த்துப் புத்தகத்தின் பெயரை வாய்விட்டுப் படித்தார். கர்ப்பிணிப் பெண்களுக்கான மருத்துவக் குறிப்புகள். “அந்த அளவுக்கு ஆயிட்டா?” என்று சிரித்தார். கண் சிரிக்கவில்லை. “ஸ்ரீவைகுண்டம் பஸ்ஸு எப்பம் வரும் அண்ணாச்சி? நம்ம ஆளுவ வராவ.”

அதற்கும் நேரம் சொன்னேன்.

அவர் போய்க் கால் மணி நேரத்தில் நூலகர் அம்மா திரும்பினார். நேராகப் பலகைக்குப் போனார். பட்டியலைக் கிழித்து எடுத்தார். அந்தப் பெண்ணின் அண்ணன் வந்து பார்த்துவிட்டுப் போனதாக மட்டும் சொன்னேன். விலாசத்தை உறுதிசெய்து அனுப்பியதைச் சொல்லவில்லை.

“அவ வேற சாதிப் பையனைக் கட்டிக்கிட்டு வந்தவ சார். உறுப்பினர் ஆகும்போதே, ‘இந்த விலாசத்த யாரும் பாக்க மாட்டாவல்லா அக்கா’ன்னு கேட்டா. பாக்க மாட்டாங்கன்னு நான் வாக்குக் குடுத்திருக்கேன்.”

அப்படிக் கட்டிக்கொண்டவர்களை எங்கள் பக்கத்தில் என்ன செய்தார்கள் என்பதைச் செய்தித்தாள் படிக்கிற யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. போலீசுக்கு மனு எழுத நேரமில்லை. தவணைப் பதிவேட்டை எடுத்துக்கொள்ளச் சொல்லி, நூலகர் அம்மாவே ஓர் ஆட்டோவை நிறுத்தினார்.

அந்தப் பெண் குடியிருந்த தெருமுனைப் பெட்டிக்கடையில் அந்த மனிதர் நின்றிருந்தார்.

“வாங்க அண்ணாச்சி. நீங்க சொன்ன விலாசம் சரியாத்தான் இருக்கு. நம்மாளுவ வரட்டும்னு நிக்கேன்.”

நூலகர் அம்மா என் பக்கத்தில்தான் இருந்தார். தலையைத் திருப்பவில்லை. “சார், நீங்க பதிவேட்டைப் பாருங்க, நான் புஸ்தகத்தை வாங்கிட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டு அந்த வீட்டுக்குள் போனார், கதவு சாத்தப்பட்டது. நான் எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். பதிவேட்டைப் பிரித்தேன்.

“நல்ல வேளை, கூடப் பிறந்தவரே இருக்கிய. புஸ்தகம் வராட்டா பொறுப்பேத்துக்கிட ஒரு சொந்தக்காரர் கையெழுத்து வேணும். பேரு? அப்பா பேரு? முழு விலாசம்?”

“நான் எதுக்குவே கையெழுத்துப் போடணும்?”

“அரசாங்கப் புஸ்தகம்லா. பேரைச் சொல்லுங்க.”

அப்படி ஒரு விதி கிடையாது. என் பணிக்காலத்தில் நானே கற்பித்துக்கொண்ட முதல் விதி அது. அன்றைக்குத் தன் பெயர் எங்கும் எழுதப்படுவதை விரும்பாத மனிதர் அவர். வீட்டைப் பார்ப்பதை விட்டு என் பேனாவையே பார்த்தார், இரண்டடி பின்னால் போனார். நான் விடாமல் கேட்டேன். பஸ் வரும் திசையிலிருந்து மூன்று பேர் நடந்து வருவது தெரிந்ததும் பதிவேட்டை மூடிவிட்டு நடந்தேன். ஓடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே நடந்தேன். வீட்டுக்குள் அந்த இரண்டு பெண்களும் இன்னும் இருக்கிறார்களா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

ஒரு மணி நேரம் கழித்து நூலகத்துத் தொலைபேசி அடித்தது. “சார், பின்வாசல் வழியா வாழைத் தோட்டத்துக்குள்ள இறங்கி ரோட்டுக்கு வந்துட்டோம். அவ வீட்டுக்காரரும் வந்துட்டாரு. ரெண்டு பேரும் பஸ் ஏறியாச்சு.” எந்த பஸ் என்று சொல்லவில்லை.

மறுநாள் இருவரும் சென்டருக்குப் போனோம். எங்கள் வாசகர் பட்டியலைத்தான் புதிய வாடிக்கையாளர்களுக்கு மாதிரியாகக் காட்டிக்கொண்டிருந்தாராம் அதன் முதலாளி. “நல்லா வந்திருக்குல்லா மேடம்?” என்று எங்களிடமே பெருமைப்பட்டார். யார் யாருக்குக் காட்டினார், அந்த அண்ணன் எங்கள் பலகையைத் தேடி வந்ததும் அதைப் பார்த்துத்தானா என்று அவருக்கே நினைவில்லை. கணினியிலிருந்து அழிக்கும்வரை நூலகர் அம்மா நாற்காலியில் உட்காரவில்லை. பிளாப்பிகளை எண்ணி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அன்றே ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதினேன்: பிரதி வைத்துக்கொள்ளக் கூடாது, எவருக்கும் காட்டக் கூடாது, நாங்கள் எப்போது வந்தாலும் சோதிக்கவிட வேண்டும். பலகையில் இனி அட்டை எண் மட்டும். எந்த விதியின் கீழ் என்று மேலிடம் கேட்டது. பதில் போடவில்லை.

என்னிடம் விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை வரும் என்று மாதக்கணக்கில் காத்திருந்தேன். வரவில்லை. வந்திருந்தால் பதில் எழுதியிருப்பேன். பதில் எழுதத் தெரிந்தவன்தான்.

சில மாதம் கழித்து நூலகர் அம்மா பெயருக்கு ஓர் இன்லேண்டு கடிதம் வந்தது. நின்றபடியே படித்தார்.

“பொம்பளப் பிள்ள சார். தாயும் பிள்ளையும் சுகமா இருக்காங்க.”

“ரொம்ப சந்தோஷம் மேடம். எந்த ஊர்ல இருக்காவ?”

கேட்ட பிறகுதான் கேட்டது எனக்கே உறைத்தது. அவர் முகத்தில் கோபம் இல்லை. கடிதத்தை மடித்து, அனுப்பியவர் முகவரி இருந்த பக்கத்தின்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது இருபத்தைந்து வயதாவது இருக்கும். எந்த ஊரில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. தெரியாதவரைக்கும் அவளுக்கு என்னால் ஆபத்து இல்லை.